முதல் வரிசை மண்

முனவ்வர் பேகம் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்ததும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் பில்கிஸ் விசிறியைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பேகம் அதைச் சட்டை செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, கஞ்சிக்கு உப்புப் பார்க்கிறவள் மாதிரி நாக்கை இரண்டு முறை மேலே தட்டிப் பார்த்தாள். பிறகு எச்சில் படிக்கத்தில் துப்பி, வாய் கொப்பளித்து, அடுத்த குவியலுக்கு நகர்ந்தாள். கூடத்துத் தரையில் பெரிய வெள்ளை விரிப்பு விரித்திருந்தது. பெருநாளன்று அதன்மேல் பிரியாணித் தாம்பாளங்கள் வரிசையாக இருக்கும். அந்தப் பங்குனி முற்பகலில் ஒன்பது பிடி மண் இருந்தது. மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று.

“சீ, அம்மி! இது மேல யார் யாரெல்லாம் நடந்தாங்களோ!”

“எல்லாரும் நடந்திருக்காங்க. நான்தான் நடக்கல” என்றாள் பேகம்.

அது உண்மைதான். ஆம்பூருக்கு வெளியே பாலாற்றங்கரையில் இருந்த அந்த இரண்டு ஏக்கர், இருபத்தாறு வருடங்களுக்கு முன் நிக்காஹ் அன்று நிசார் அஹமது அவளுக்கு மணக்கொடையான மஹராக எழுதிக்கொடுத்தது. மற்ற மாப்பிள்ளைகள் நகையைச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஏன் நிலத்தைச் சொன்னார் என்று ஊரில் யாருக்கும் விளங்கவில்லை. பெண் அணைக்கட்டில் தோட்டம் துரவுக்கு நடுவே வளர்ந்தவள், அப்பாவின் சேனைக்கிழங்கு வயலில் வெறுங்காலோடு ஓடித் திரிந்தவள் என்று யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். அவளுக்குப் பன்னிரண்டு வயதில் வீட்டை விட்டு வெளியே போகாத கோஷா வந்தது. பதினேழில் ஆம்பூர் வந்தாள். நிலம் ஆற்றங்கரையில் அவள் பேரில் கிடந்தது, அவள் வீட்டுக்குள் இருந்தாள். போய்ப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டதில்லை, கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அவர் சொன்னதும் இல்லை. இருவருக்குமே அதில் வினோதமாக எதுவும் தோன்றவில்லை என்பதுதான் வினோதம்.

போன ரமலானுக்கு முன் நிசார் அஹமது மௌத்தாகிப்போனார். கைம்பெண் ஒதுங்கியிருக்கும் இத்தா முடிந்து சில மாதங்களானதும் அவருடைய தம்பி அப்துல் ஹமீத் ஒரு நாள் கூடத்துத் திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். குடும்பத்துத் தோல்ஷாப்பு அந்த நிலத்தை ஒட்டி, அதன் மேற்கில்தான் இருந்தது; வடக்கே ஆறு. முப்பது வருடமாகத் தோல்களை உப்புப் போகக் கழுவி, சுண்ணாம்பில் ஊறவைத்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தி மதராசுக்கு அனுப்புகிற இடம் அது. கழுவின தண்ணீர் எங்கேயாவது போகத்தானே வேண்டும்?

“பாபி, அந்த நெலத்துல இனிமே ஒண்ணும் வெளையாது. தண்ணியெல்லாம் அந்தப் பக்கம்தான் போவுது. தோல் காயப்போட எனக்கு களம் பத்தல. அதைக் குடுத்திட்டீங்கன்னா உபகாரமா இருக்கும்.”

“ஏதாவது வெளைஞ்சா?” என்று கேட்டாள் பேகம்.

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. கெட்டவனைத் தேடுகிறவர்களுக்கு இந்தக் கதையில் ஏமாற்றம்தான். “வெளைஞ்சா நான் வாயே தெறக்கமாட்டேன். தை மாசம் முதல் ஜும்மாவுக்கு வந்து பார்க்கிறேன். சட்டியில ஏத்தற மாதிரி ஒண்ணே ஒண்ணு வெளைஞ்சிருந்தாலும் சரி, அது உங்களுக்கே இருக்கட்டும்.”

அவர் போன பிறகும் பேகம் திரையோரத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அதுவரை அந்த நிலத்தை அவள் வருடத்தில் நாலு முறை நினைத்திருந்தால் அதிகம். போகப்போகிறது என்றதும் அது திடீரென்று அவளுக்கு வேண்டியிருந்தது. இந்த வீடு கணவருடையது, நாளைக்குப் பிள்ளைகளுடையது. அணைக்கட்டுத் தோட்டம் அண்ணன்களுடையது. உலகத்தில் என்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவளுக்கு அந்த ஒரு தரைதான். அதை விடமாட்டேன் என்று அவள் தனக்குத்தானே சத்தமாகவே சொல்லிக்கொண்டாள். பிறகு யாராவது கேட்டிருப்பார்களோ என்று சுற்றிலும் பார்த்தாள்.

சேனைக்கிழங்கு என்று முதலில் சொன்னது மீனாம்பாள். காலையில் கொல்லை வாசலுக்குப் பால் கொண்டுவருகிறவள். அவள் வீடு அந்த நிலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தது. புருஷன் பஞ்சாட்சரம் தோல்ஷாப்புக்குப் பட்டை வண்டி ஓட்டினான். “வேற எதை வெச்சாலும் வண்டி மாடுங்க மேஞ்சிட்டுப் போயிடும் பீவிம்மா. சேனைய மட்டும் மாடு மோந்துகூட பார்க்காது, வாய் அரிக்கும்ல? எங்க வீட்டு அட்டத்துல வெதைக்கெழங்கு கெடக்குது. ஆனா மண்ணு ஒத்துக்கணும்.”

மண்ணை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள் பேகம். நிலத்தை மூன்று வரிசையாகப் பிரித்து, ஒவ்வொரு வரிசையிலும் மூன்று இடத்தில் முழ ஆழம் தோண்டி, அடிமண்ணில் ஒரு பிடி கொண்டுவரச் சொன்னாள். மீனாம்பாளுக்கு எழுதத் தெரியாது. அதனால் முதல் இடத்து மண்ணைக் கந்தலில் கட்டி ஒரு முடிச்சு, இரண்டாவதற்கு இரண்டு முடிச்சு என்று ஒன்பது மூட்டையும் கட்டிக் கொண்டுவந்து கொல்லைப் படியில் வைத்தாள். பேகம் அவற்றை முடிச்சு எண்ணிப் பிரித்து, விரிப்பில் மேற்குப் பக்கத்து ஆற்றோர மூலையிலிருந்து வரிசையாகக் கொட்டினாள். தொழுகையில் முதல் வரிசை மேற்கே, மக்காவின் திசையான கிப்லாவை ஒட்டித்தான் நிற்கும். முதல் வரிசை என்றால் அதுதானே? முடிச்சுகளை அவிழ்த்த பிறகு எது எந்த மண் என்பதற்கு விரிப்பில் அது இருந்த இடம் மட்டுமே சாட்சி.

சேனைக்கு எப்படிப்பட்ட மண் வேண்டும் என்பது அவள் உள்ளங்காலுக்குத் தெரிந்திருந்தது. மிதித்தால் விட்டுக்கொடுக்க வேண்டும், ஆனால் புதையக் கூடாது. மழை பெய்த மறுநாள் குளம் கட்டி நிற்கக் கூடாது. களியாக இருந்தால் கிழங்கு மூச்சு முட்டிப்போகும். வெறும் மணலாக இருந்தால் எலுமிச்சம்பழ அளவோடு நின்றுவிடும். உப்பு ஏறியிருந்தால் இலை ஓரம் கருகி அழுகிவிடும். காலுக்குத் தெரிந்ததையெல்லாம் இப்போது கைக்கும் வாய்க்கும் மாற்ற வேண்டியிருந்தது. ஒவ்வொரு பிடியிலும் தண்ணீர் தெளித்து உருண்டை பிடித்தாள். விரலால் தட்டினாள். உதிர்ந்தது எது, உருண்டையாகவே நின்றது எது என்று பார்த்தாள். பிறகு, பில்கிஸ் தலையில் அடித்துக்கொள்ள, சர்பத் குடிக்கிற உயரமான கண்ணாடித் தம்ளர்கள் ஒன்பதையும் எடுத்து வரச் சொல்லி, ஒவ்வொன்றிலும் ஒரு மண்ணைப் போட்டுத் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஜன்னலோரம் அதே வரிசையில் வைத்தாள்.

அந்தப் பிற்பகல் முழுவதும் அவள் ஜன்னலை விட்டு எழுந்திருக்கவில்லை. தம்ளர்களில் முதலில் எல்லாமே செம்மண் கலங்கலாக ஒன்று போலத்தான் இருந்தது. பிறகு மணல் மெல்ல இறங்கி அடியில் படுத்தது. அதன்மேல் வண்டல் ஒரு விரற்கடை. அதன்மேல் களி, வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு, புகை மாதிரி தண்ணீரில் நின்றுகொண்டே இருந்தது. ஜன்னல் கம்பி வழியாக வந்த வெயில் தம்ளருக்குள் புகுந்து தரையில் ஒன்பது பழுப்பு வட்டங்களை உண்டாக்கியது. பேகம் அந்த வட்டங்களைப் பார்த்தபடியே சுவரில் சாய்ந்து அரைத்தூக்கத்துக்குப் போனாள். தூக்கத்தில் நிலத்துக்குப் போனாள். முதல் வட்டத்தில் கால் வைத்தாள். தரை மெத்தென்று உள்வாங்கியது. அங்கே ஒரு வேப்பமரம் இருந்தது, அதன் பூ கொட்டிக் கிடந்தது. ஆறு பக்கத்தில் எங்கேயோ சலசலத்தது. கடைசி மூன்று வட்டங்களுக்குப் போனபோது மட்டும் உள்ளங்கால் எரிந்தது; தரை வெள்ளையாகப் பூத்திருந்தது. யாரும் அவளைப் பார்க்கவில்லை, யாருமே இல்லை. பில்கிஸ் வந்து தோளைத் தட்டியபோது அவளுக்குக் கோபம் வந்தது.

மறுநாள் பால் வாங்கும்போது தீர்ப்புச் சொன்னாள். முதல் வரிசையின் முதல் மண். உருண்டை பிடித்தால் பிடிக்கிறது, தட்டினால் உதிர்கிறது, உப்பே இல்லை, கடைசியில் லேசாக இனிக்கக்கூடச் செய்கிறது.

“கிப்லா பக்கம். அதுல ஆத்தை ஒட்டின மூலை. அங்க நடு மீனாம்பா.”

பேகம் எந்தத் திசை பார்த்துத் தொழுவாள் என்பது பத்து வருடமாகப் பால் ஊற்றுகிற மீனாம்பாளுக்குத் தெரியும். அவள் சொம்பைக் கீழே வைத்தாள். “மேக்காலயா? அது தோல்ஷாப்பு சுவராச்சே பீவிம்மா? அங்க புல்லுகூட மொளைக்கறதில்ல.”

“மேல இருக்கறது வேற, முழ ஆழத்துல இருக்கறது வேற. உப்புத் தண்ணி அடியால ஓடி கெழக்கே போயி ஏறியிருக்குது. கடைசி மூணு மண்ணும் வாய்ல வைக்க முடியல. நான் நாக்குல பார்த்துட்டுச் சொல்றேன்.”

தப்புக்கு இவ்வளவு நேர்த்தியான காரணம் கிடைத்துவிட்டால் அதை யார் சந்தேகப்படுவார்கள்? மீனாம்பாள் தலையைச் சொறிந்துகொண்டு போனாள். பேகத்துக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று சாயங்காலம் வந்த மச்சினர் ஹமீதின் மனைவியிடம், நாலு சுவருக்குள் உட்கார்ந்துகொண்டே நிலத்தைப் படித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டாள்.

வைகாசியில் ஒரு நல்ல மழை பெய்ததும் மீனாம்பாளும் பஞ்சாட்சரமும் அந்த மூலையில் முப்பது குழி எடுத்து, எரு போட்டு, சாணத்தில் புரட்டி உலர்த்திய கிழங்குத் துண்டுகளை முளை மேலே பார்க்க வைத்து மூடினார்கள். ஆனியில் முளை வந்தது. தினமும் பாலோடு சேதியும் வந்தது. இன்று ஆறு முளை, இன்று பதினான்கு, தண்டு பாம்புத்தோல் மாதிரி புள்ளி போட்டிருக்கிறது, இலை குடை விரிக்கிறது. பேகம் அதையெல்லாம் வாங்கி வாங்கித் தன் கனவு நிலத்தில் நட்டுக்கொண்டாள். பிற்பகலில் கண்ணை மூடினால் போதும். வேப்பமரத்துக்குக் கீழே முப்பது குடைகளும் காற்றில் ஆடின. அப்போதெல்லாம் அவள் முகம் மாறிப்போவதை பில்கிஸ் கவனித்தாள். அம்மியை அப்படிச் சந்தோஷமாக அவள் பார்த்ததே இல்லை.

ஆடியில் ஒரு நாள் மீனாம்பாள் வந்து அரிசி மூட்டை இறக்குகிறவள் மாதிரி படியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது.

“இன்னா காத்து, இன்னா வெயிலு! கண்ணைத் தெறக்க முடியல. அன்னிக்கு மொத முடிச்சு மண்ணு எடுக்கறப்பவும் இப்டித்தான், சூரியன் அப்பத்தான் மொளைச்சு நேரா மூஞ்சில அடிக்குது. ஈசானிய மூலைல குந்திக்கினு கண்ணைக் கசக்கிக்கினே தோண்டினேன்.”

பேகம் பால் பாத்திரத்தை நீட்டியவள் அப்படியே நின்றாள். “எந்த மூலை?”

“ஈசானியம், வடகெழக்கு. எந்த வேலைய எடுத்தாலும் அங்கேந்துதானே தொடங்கணும்?”

“அப்ப மொத வரிசை?”

“கெழக்கால வரிசை.”

“கடைசி வரிசை?”

“தோல்ஷாப்பு சுவத்த ஒட்டி.” சொல்லி முடித்ததும் மீனாம்பாளுக்கும் ஏதோ உறைத்தது. “நீங்க எங்கேந்து வெச்சீங்க?”

“மேக்காலேந்து.”

“மேக்காலேந்தா? யாராவது மேக்காலேந்து ஆரம்பிப்பாங்களா?”

“தொழறப்ப மொத வரிசை மேக்காலதாண்டி நிக்கும்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மீனாம்பாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது தொற்றிக்கொண்டு பேகமும் சிரித்தாள். தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். இடையில் எங்கேயோ அது அழுகையாக மாறிவிட்டது. மீனாம்பாள் சிரிப்பை நிறுத்தினாள். பத்து நாளாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போதுதான் சொன்னாள்: சுவரோரத்தில் இலைகளின் ஓரம் கருகுகிறது. எட்டுச் செடி சாய்ந்துவிட்டது.

“இப்ப புடுங்கி மாத்தி நடவும் முடியாது” என்றாள் மீனாம்பாள். “நான்தான் எடத்தைத் தப்பா நட்டுட்டேன்னு சொல்லிடுங்க பீவிம்மா. எனக்கு இன்னா? ஹமீத் சாயபு நாலு திட்டு திட்டுவாரு, திட்டிட்டுப் போறாரு.”

“மண்ணைப் பார்த்தது என் நாக்கு. எடத்தைச் சொன்னது என் வாய். நீ எதுக்கு வாங்கிக் கட்டிக்கிற?” பேகம் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஏமாந்ததைவிட, மச்சினரின் மனைவியிடம் பீற்றிக்கொண்டதுதான் உள்ளே பிடுங்கியது. ஆனால் வெட்கத்துக்கு அடியில் வேறொன்றும் இருந்தது, அதை அவள் அப்போது வாய்விட்டே சொன்னாள். “நான் வந்து பார்க்கணும்.”

எப்போது போவது என்பதில் குழப்பமே இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை தோல்ஷாப்புகளுக்கு விடுமுறை. மதியம் ஜும்மா நேரத்தில் ஆம்பூரின் ஆண்கள் அத்தனை பேரும் பள்ளிவாசலில் இருப்பார்கள். ஆற்றங்கரையில் ஆள் நடமாட்டமே இருக்காது. வாரத்தில் அந்த ஒரு ஒன்றரை மணி நேரம் ஊருக்கு வெளியே உலகம் காலியாகக் கிடக்கிறது என்பது இத்தனை வருடத்தில் அவளுக்குத் தோன்றியதே இல்லை. பஞ்சாட்சரம் கூண்டு வண்டிக்குத் திரை கட்டிக் கொல்லைப்பக்கம் கொண்டுவந்தான். யாராவது கேட்டால் அம்மிக்குத் தலைவலி என்று சொல்ல பில்கிஸ் ஒப்புக்கொண்டாள்.

வண்டி நின்றதும் பஞ்சாட்சரம் மாட்டை அவிழ்த்துக்கொண்டு தூரப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். பேகம் புர்காவோடு இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். முக்காட்டைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டாள்.

இவ்வளவுதானா என்று இருந்தது. வேப்பமரம் இல்லை. வரப்பில் ஒற்றைப் பனை, அதுவும் பாதி மொட்டை. ஆற்றில் தண்ணீரே இல்லை, மணல்தான். தோல்ஷாப்புச் சுவரிலிருந்து வீசிய சுண்ணாம்பு வீச்சம் மூக்கைத் துளைத்தது. கனவில் வாடை என்று ஒன்று இருக்கவே இல்லை. கனவில் அவள் நடந்த நிலம் இதைவிட நாலு பங்கு பெரியது. பேகம் கொஞ்ச நேரம் அந்த ஏமாற்றத்தோடு நின்றாள். பிறகு நடந்தாள். கிழக்கு வரிசையில், முதல் முடிச்சு எடுத்த இடத்தில் கால் வைத்ததும் தரை மெத்தென்று விட்டுக்கொடுத்தது. அவள் தூக்கத்தில் மிதித்த அதே தரை. அவள் நாக்கு சரியாகத்தான் சொல்லியிருந்தது. அந்த இடம் வெறுமனே கிடந்தது, எதுவும் நட்டிருக்கவில்லை. அவள் அங்கே குந்தி உட்கார்ந்து இரண்டு உள்ளங்கைகளையும் தரையில் வைத்துக்கொண்டாள். முப்பத்தொரு வருடம் கழித்து அவள் வெறுங்காலில் மண் பட்டது.

மேற்கு மூலையில் இருபத்திரண்டு செடி நின்றது. இலையோரங்கள் சிகரெட்டால் சுட்டது மாதிரி இருந்தன. பேகம் மண்ணை எடுத்து நாக்கில் வைத்தாள். முகத்தைச் சுளித்தாள். உப்புதான். ஆனால் ஆற்றுப் பக்கம் போகப் போக உப்புக் கொஞ்சம் குறைந்தது. அவள் குனிந்து குனிந்து, நாலடிக்கு ஒரு முறை நாக்கில் வைத்து, துப்பி, நிமிர்ந்து தரையின் சரிவைப் பார்த்தாள். சரிவை விரிப்பில் கொட்டிய மண் சொல்லியிருக்க முடியாது. நிலம் ஆற்றைப் பார்த்துச் சாய்ந்திருந்தது.

“ஐப்பசி மழை வருமில்ல, அது உப்பைக் கரைச்சிக்கினு எங்க போகும்?” என்று கேட்டாள்.

“வழி வுட்டா ஆத்துக்குப் போகும். வழி இல்லன்னா அங்கயே நின்னு கெழங்க அழுக வெக்கும்” என்றாள் கூடவே வந்திருந்த மீனாம்பாள்.

“அப்ப வழி வுடு.”

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளியும் பேகத்துக்குத் தலைவலி வந்தது. செடி வரிசைகளுக்கு நடுவே முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் எடுத்து, ஆற்றுக் கரைவரை கொண்டுபோய் விட்டார்கள். மீனாம்பாள் வெட்டினாள், பேகம் கூடையில் மண்ணை அள்ளி மேற்குச் சுவரோரம் அணை போட்டாள், ஷாப்புத் தண்ணீர் இனி இந்தப் பக்கம் வராதபடி. உப்பு மேலே ஏறாமல் இருக்கச் செடியைச் சுற்றிக் காய்ந்த இலைகளைப் போட்டு மூடினார்கள். தொழுகை முடிகிற நேரம் நெருங்கினால் பஞ்சாட்சரம் தூரத்திலிருந்து இருமுவான். அவள் ஓடிப்போய் வண்டிக்குள் ஏறிக்கொள்வாள். வாராவாரம் தலைவலி என்று கேள்விப்பட்ட அப்துல் ஹமீத் ஹகீமிடம் சொல்லி ஒரு லேகியம் அனுப்பினார். அதை வாங்கும்போது பேகத்துக்குக் குற்ற உணர்வாக இருந்தது. தித்திப்பாக இருந்ததால் பில்கிஸ் தின்று தீர்த்தாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வெள்ளிக்கிழமைகள் வண்டி போக முடியவில்லை. பேகம் ஜன்னலில் உட்கார்ந்து மழையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது கண்ணை மூடினால் வேப்பமரம் வரவில்லை. மொட்டைப் பனைதான் வந்தது, சுண்ணாம்பு வீச்சத்தோடு. மழைத் தண்ணீர் ஒவ்வொரு குழியாக உள்ளே இறங்கி, கிழங்கைச் சுற்றி நின்று, உப்பை எடுத்துக்கொண்டு, இவளே கூடையில் மண் அள்ளின அந்த வாய்க்காலில் போவதை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பாலாறு இரண்டு கரையும் தொட்டுப் போகிறது என்று சேதி வந்தது. துஆவில் அவள் வேறு எதையும் கேட்கவில்லை. இவ்வளவு சின்ன விஷயத்தைக் கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினாள், பிறகு கேட்டாள்.

மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது பதினொரு செடி மிச்சம். மார்கழியில் அவையும் பழுத்துச் சாய்ந்தன. முற்றி விழுந்ததா, வெந்து விழுந்ததா என்று மேலே நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. தோண்டினால்தான் தெரியும். தை பிறக்கும்வரை தோண்ட வேண்டாம் என்று இருவரும் பேசிவைத்துக்கொண்டார்கள். மண்ணுக்குள் இருக்கிறவரை கிழங்கு பெருக்கும் என்றாள் மீனாம்பாள். பேகத்துக்குத் தெரிந்துகொள்ளப் பயமாக இருந்தது, அதுதான் உண்மை.

தை முதல் வெள்ளி. ஜும்மா முடிந்து நேரே நிலத்துக்கு வருவதாக அப்துல் ஹமீத் முந்தின நாளே சொல்லியனுப்பியிருந்தார். மீனாம்பாள் தோண்டிக் காட்டுவாள், தான் அதற்குள் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று பேகம் கிளம்பினாள். முதல் குழியில் கடப்பாரை வைத்தார்கள். தண்டு கையோடு வந்தது, அடியில் நெல்லிக்காய் அளவில் ஒன்று. இரண்டாவதில் கிழங்கு இருந்தது, அழுத்தினால் கூழ். மூன்றாவதில் ஒன்றும் இல்லை. நாலு, ஐந்து, ஆறு. ஏழாவதில் தேங்காய் மூடி அளவுக்கு ஒன்று கிடைத்தது. மீனாம்பாள் சந்தோஷமாகத் தூக்கிப் பார்த்தாள், அடிப்பக்கம் முழுக்க உளுத்திருந்தது. அவள் அதைச் சத்தமில்லாமல் பின்னால் போட்டாள். பேகம் அடுத்த குழிக்கு நகர்ந்தாள். தன்னுடைய முட்டாள்தனத்துக்கு நிலம் என்ன செய்யும் என்று நினைத்தாள். எட்டு, ஒன்பது, பத்து. அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

கடைசிச் செடி ஆற்றோரத்தில், வாய்க்கால் திரும்புகிற இடத்தில் இருந்தது. மீனாம்பாள் கடப்பாரையை வைத்தவள் எடுத்துவிட்டாள்.

“இன்னா?”

“இரும்பு வேணாம் பீவிம்மா. நீங்க கைய வுட்டுப் பாருங்க.”

பேகம் மண்டியிட்டு உட்கார்ந்து புர்காக் கைகளை மடித்துவிட்டாள். தண்டு விழுந்த பள்ளத்தின் இரண்டு பக்கமும் கையை நுழைத்தாள். மழை ஊறிய மண் எதிர்ப்பில்லாமல் மணிக்கட்டுவரை விட்டது. விரல் நுனியில் ஏதோ சொரசொரப்பாகப் பட்டது. அழுத்தினாள், கூழாகவில்லை. அழுத்தினால் திருப்பி அழுத்தியது. அதன் ஓரத்தைத் தேடி வலது கையை ஒரு பக்கமும் இடது கையை ஒரு பக்கமும் நகர்த்தினாள். மண் முழங்கைக்கு ஏறியது. விரல் இடுக்கில் சேனையின் அரிப்புத் தொடங்கியது. ஓரம் வரவில்லை.

பாதையில் பஞ்சாட்சரம் இருமினான். கொஞ்சம் விட்டு இன்னொரு முறை, அவசரமாக. ஊர்ப்பக்கத்திலிருந்து குதிரை மணிச் சத்தம் வந்தது. அப்துல் ஹமீதின் ஜட்கா.

“எழுந்திருங்க பீவிம்மா. வண்டிக்குப் போயிடுங்க. நான் எடுத்துக் காட்டறேன்.”

பேகம் எழுந்திருக்கவில்லை. “என் முக்காட்டை இழுத்து வுடு” என்றாள். “என் கை மண்ணுக்குள்ள இருக்குது.”

மீனாம்பாள் மண் அப்பிய விரல்களால் துணியைப் பிடித்து, பேகத்தின் நெற்றியும் கண்ணும் முகவாயும் மூடும்படி இழுத்துவிட்டாள். வெயில் போய் வெளிர் இருட்டு வந்தது. ஜட்கா நின்றது. குதிரை தலையை உதறுவதும், பிறகு வரப்பில் செருப்புச் சத்தம் வருவதும் கேட்டது. பேகம் துணிக்குள் தன் மூச்சைக் கேட்டுக்கொண்டு, இடக்கையை இன்னும் கொஞ்சம் கீழே விட்டாள், வலக்கையை இன்னும் கொஞ்சம். கிழங்கின் அடி குளிர்ந்து, வளைந்து, போய்க்கொண்டே இருந்தது. விரல்கள் ஒன்றையொன்று இன்னும் தொடவில்லை.